டோப்போலினோ போன வழி

டோப்போலினோ என்ற செல்லப்பெயர் கொண்ட பழைய ஃபியட் 500 காரின் எஞ்சின் 569 சிசி. நம் மாருதி 800இன் எஞ்சின் 796 சிசி என்பதை நினைத்துக்கொண்டால் அது எவ்வளவு சின்ன வண்டி என்று பிடிபடும். இருக்கைகள் இரண்டே. எஞ்சினின் சக்தி, மாதிரிக்கு ஏற்ப, 13 முதல் 16.5 குதிரைத்திறன். 1936 முதல் 1955 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. கார் வாங்க முடியாதவர்களையும் கார் வாங்க வைப்பதற்காகச் செய்த வண்டி. மலை ஏறவும் பாலைவனம் கடக்கவும் செய்ததல்ல.

1953 ஜூனில் ஜெனீவாவைச் சேர்ந்த 24 வயது நிக்கோலா பூவியே இப்படியொரு வண்டியில் கிழக்கு நோக்கிக் கிளம்பினார். பல்கலைக்கழகத் தேர்வை எழுதிவிட்டார், முடிவுக்குக் காத்திருக்கவில்லை. தேறிய செய்தி பின்னாளில் பம்பாயில் வைத்துத்தான் அவரை எட்டியது. அவருடைய நண்பர், ஓவியர் தியேரி வெர்னே, முன்கூட்டியே யூகோஸ்லாவியா போயிருந்தார். பெல்கிரேடில் இருவரும் சேர்ந்தார்கள். கையில் நான்கு மாதச் செலவுக்குப் பணம் இருந்தது. செலவழிக்க இரண்டு ஆண்டுகள் இருந்தன. துருக்கி, ஈரான், இந்தியா, முடிந்தால் அதற்கும் அப்பால் என்பதுதான் திட்டம். 1954 டிசம்பரில் பூவியே கைபர் கணவாயைத் தொட்டார். அந்த ஒன்றரை ஆண்டைப் பற்றி அவர் எழுதி, வெர்னேயின் கோட்டோவியங்களோடு 1963இல் வெளிவந்த ‘லுசாஜ் து மோந்த்’ இன்று பிரெஞ்சுப் பயண இலக்கியத்தின் முதல் வரிசையில் இருக்கிறது. வெளியிடப் பதிப்பகங்கள் தயங்கியதால், முதல் பதிப்பு அவருடைய சொந்தச் செலவில் வந்தது.

அந்த வழி இன்று எப்படி இருக்கிறது என்று வரைபடத்தில் விரலை வைத்துக்கொண்டே போய்ப் பார்த்தால், மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் இரண்டு வெவ்வேறு கதைகளைச் சொல்கின்றன.

மேற்குப் பாதியில் லாபம்தான் அதிகம். 1953இல் ஐரோப்பாவே இரண்டாகப் பிளந்து கிடந்தது. பல்கேரியா இரும்புத் திரைக்குப் பின்னால் இருந்ததால் நண்பர்கள் யூகோஸ்லாவியாவின் நீளம் முழுக்க ஓட்டி, மாசிடோனியா வழியாகக் கிரேக்கத்தில் இறங்கித்தான் இஸ்தான்புல் போக முடிந்தது. இன்று ஜெனீவாவில் காரை எடுப்பவர் இத்தாலி, ஸ்லோவேனியா, குரோஷியா, ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா என்று ஓட்டிப்போய்ப் பெரும்பாலும் துருக்கி எல்லையில்தான் முதல்முறையாகக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டியிருக்கும். ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 அன்று தரைவழிச் சோதனைகளைக் கைவிட்ட பிறகு கிடைத்த வசதி இது. அன்றைய பயணிகள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் போன அதே தடத்தில்தான் போவேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், அன்று ஒரே யூகோஸ்லாவியாவாக இருந்த நிலத்தில் இன்று நான்கு நாடுகளைக் கடக்க வேண்டும். 1991இல் தொடங்கிய பிளவில் நாட்டு எல்லைகளான கோடுகள் அவை. பூவியே ஒலிப்பதிவுக் கருவியோடு போய் ஜிப்சிகளின் பாட்டைப் பதிவுசெய்த ஊர் இன்று செர்பியாவில், குரோஷிய எல்லையோரத்தில் கிடக்கிறது. அன்று அந்த இடத்தில் நாட்டு எல்லை என்று ஒன்றே இல்லை.

இஸ்தான்புல்லில் அன்று கார் ஆசியாவுக்குள் நுழையப் படகுதான் கதி. வரிசையில் நின்று, வண்டியைப் படகில் ஏற்றி, இறங்கி நின்று கடலைப் பார்த்துக்கொண்டே கண்டம் மாறலாம். 1973இல் முதல் பாலம், 1988இல் இரண்டாவது, 2016இல் மூன்றாவது. அதே ஆண்டின் கடைசியில் கடலுக்கு அடியில் கார்களுக்கென்றே ஒரு சுரங்கச் சாலை. இன்று சில நிமிடங்களில் ஐரோப்பா முடிந்து ஆசியா தொடங்குகிறது. சுரங்கத்தில் போகிறவருக்குக் கடல் கண்ணிலேயே படாது.

கருங்கடல் கரையோரமாகத் திராப்சோன் வரை போய், அங்கிருந்து தெற்கே திரும்பி எர்சுரும் போகும் மலைச்சாலைதான் அந்த வண்டியின் முதல் பெரிய சோதனை. ஸிகானா கணவாயின் உயரம் 2,032 மீட்டர். அதற்கு அப்பால் வரும் கோப் கணவாய் இன்னும் உயரம். பதினைந்து குதிரைத்திறனில் இரண்டு ஆட்கள், மூட்டைகள், வரைபொருட்கள், ஒரு அக்கார்டியன், ஒரு கிட்டார் எல்லாவற்றையும் மேலே இழுக்க வேண்டும். வண்டி திணறும் இடத்தில் ஒருவர் குதித்து இறங்கித் தள்ளுவார். மற்றவர் எஞ்சின் அணைந்துவிடாமல் ஓட்டிக்கொண்டே போவார். தள்ளியவர் பின்னால் ஏறி வந்து சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். 2023 மே மாதம் ஸிகானாவின் அடியில் 14.5 கி.மீ. நீளச் சுரங்கம் திறக்கப்பட்டது. இன்று அதே எடையோடு அதே டோப்போலினோ வந்தால்கூட யாரும் இறங்கித் தள்ளாமல் மறுபக்கம் போய்விடலாம். குளிர்காலத்தில் பனியில் புதைந்த லாரிகளையும் பள்ளத்தில் உருண்ட பேருந்துகளையும் நினைத்தால் இதில் வருந்த ஒன்றுமில்லை. கணவாயின் உச்சியில் நின்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் போயிற்று, அவ்வளவுதான்.

ஈரானில் கணக்கு மாறத் தொடங்குகிறது.

இலையுதிர்காலம் முடியும் தறுவாயில் இருவரும் தப்ரீஸ் சேர்ந்தார்கள். பிரதமர் மொசாதெக்கின் ஆட்சி 1953 ஆகஸ்டில் கவிழ்க்கப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பனி வழிகளை அடைத்துவிட்டது, பணமும் தீர்ந்திருந்தது. ஆகவே ஆர்மீனியர் குடியிருப்பில் ஓர் அறை எடுத்து ஆறு மாதம் அங்கேயே தங்கினார்கள். பூவியே பிரெஞ்சுப் பாடம் சொல்லிக்கொடுத்தார்; வெர்னே ஓவியம் தீட்டினார். புத்தகத்தில் மிகச் செறிவான பகுதி இந்த ஆறு மாதம்தான். பயணம் நின்றுபோன இடத்தில் எழுத்து ஓடுகிறது. விறகு விலை, அண்டை வீட்டுச் சண்டை, அமெரிக்க உதவித் திட்டத்தின் நல்லெண்ணமும் அது ஊர்மக்களிடம் பட்ட பாடும் எல்லாம் அதில் இருக்கின்றன. சாலையில் ஓடிக்கொண்டே இருந்திருந்தால் இவற்றில் ஒன்றும் அவர் கண்ணில் பட்டிருக்காது.

இன்று இதே போல ஒரு குளிர்காலத்தை யாரும் தப்ரீஸில் கழிக்க முடியாது. சுற்றுலா விசா பொதுவாக 30 நாள். அதில் வேலை செய்யக் கூடாது. டியூஷன் எடுத்துப் பெட்ரோலுக்குக் காசு சேர்த்தால் அது குற்றம். இன்றைய பயணிக்குப் பணத்துக்குக் குறைவில்லை, வேலையை விட்டுவிட்டோ நீண்ட விடுப்பு எடுத்தோ வருகிறார், அட்டையை நீட்டினால் பணம் வருகிறது (ஈரானில் மட்டும் வராது, தடைகள் காரணமாக வெளிநாட்டு அட்டைகள் அங்கே செல்லாது, கட்டுக்கட்டாக நோட்டுகளைச் சுமக்க வேண்டும்). ஆனால் நாள்கள் எண்ணப்பட்டவை. அன்றைய இருவரிடமும் இருந்தது நேரம். காசு வழியில் கிடைத்தது. இன்றையவரிடம் இருப்பது காசு. நேரத்தை வழியில் வாங்க முடியாது. தெஹ்ரானில் பூவியே சொற்பொழிவு ஆற்றினார், வெர்னே ஓவியக் கண்காட்சி வைத்தார். இரண்டிலும் சேர்ந்த வருமானத்தில்தான் வண்டி தெற்கே நகர்ந்தது.

அதற்காக அன்று எல்லாக் கதவும் திறந்து கிடந்தது என்று எழுதிவிடக் கூடாது. பழைய பயண நூல்களைப் படித்துவிட்டு அப்படிப் பெருமூச்சு விடுகிறவர்கள் அதிகம். அன்றும் விசா இருந்தது. ஈரானுக்குள்ளேயே ஒரு மாகாணத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக உள்ளூர் அனுமதிச் சீட்டு இருந்தது. காரை நாட்டுக்குள் கொண்டுபோய் விற்றுவிட மாட்டேன் என்பதற்கு உத்தரவாதமாகக் கார்னே என்ற சுங்கப் புத்தகமும் இருந்தது. ஒவ்வோர் எல்லையிலும் உள்ளே போக ஒரு முத்திரை, வெளியே வர ஒரு முத்திரை. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஈரானும் பாகிஸ்தானும் இந்தியாவும் அதே புத்தகத்தைத்தான் கேட்கின்றன. கைப்பேசியில் விசா வரும் காலத்திலும் கார் மட்டும் காகிதத்தில்தான் எல்லை தாண்டுகிறது.

குர்தியர் பகுதியான மகாபாத்தில் நடந்ததைச் சொன்னால் அன்றைய நிலைமை தெளியும். வெளியூர்க்காரர்கள் அங்கே சுற்றுவதை விரும்பாத காவல் அதிகாரி, இருவரையும் ஊர்ச் சிறைச்சாலையில் தங்கவைத்தார். கைதிகளாக அல்ல, விருந்தாளிகளாக. பாதுகாப்புக்காக என்று விளக்கம். மறுப்பதற்கில்லை. சிறைக்குள் வந்துபோனவர்களின் மனுக்களையும் முறையீடுகளையும் பேச்சையும் பூவியே கேட்டு எழுதிவைத்தார்.

இன்று ஈரானின் கிழக்கு எல்லையைத் தாண்டிப் பாகிஸ்தானின் தஃப்தானில் நுழையும் வெளிநாட்டுக் கார்களுக்கும் ஏறத்தாழ இதே உபசாரம்தான். தஃப்தானிலிருந்து குவெட்டா 600 கி.மீ.க்கும் மேல். பலூசிஸ்தானின் காவலர்கள் துப்பாக்கியோடு முன்னால் ஒரு வண்டியில் போவார்கள், சில நேரம் காருக்குள்ளேயே ஏறிக்கொள்வார்கள். குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை ஆள் மாறும், பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும். இரவு காவல் நிலைய வளாகத்தில் தூக்கம். குவெட்டாவில் விடுதியை விட்டு வெளியே போகவும் காவலர் துணை. ஊரைத் தாண்டிப் போக ஆட்சேபணையின்மைச் சான்று. காவல் நிலையத்தில் தேநீர் கிடைக்கும், பேச்சும் நடக்கும். அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் எழுதும் குறிப்புகளில் இந்தக் காவலர்களைப் பற்றி நல்ல வார்த்தைகளே மிகுதி. ஆனால் மகாபாத்தில் விதிவிலக்காக ஓர் ஊரில் நடந்தது, இங்கே 600 கி.மீ.க்கும் விதியாகிவிட்டது. 1954இல் இதே பாலைவனத்தை டோப்போலினோ யாருடைய துணையுமின்றிக் கடந்தது. அன்றைய பயம் வெயிலைப் பற்றியது, தண்ணீரைப் பற்றியது, மணலில் புதையும் சக்கரத்தைப் பற்றியது. வெயிலுக்கு அஞ்சி இரவில் ஓட்டினார்கள். இன்று தார்ச்சாலை இருக்கிறது. வெயிலைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை, காரில் ஏசி இருக்கிறது. பயம் மனிதரிடம் இடம் மாறிக்கொண்டது.

டோப்போலினோவின் இடது கதவில் பாரசீகக் கவிஞர் ஹாபிஸின் நான்கு வரிகளைப் பாரசீக எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். போகும் இடமெல்லாம் ஜனங்கள் கூடி நின்று கதவைப் படித்தார்கள். ஈரானில் அது ஓர் அறிமுகச் சீட்டுப் போல வேலை செய்தது; கவிதையை எழுதிக்கொண்டு வருகிறவனை யார் விரட்டுவார்கள்? இன்றைய நெடும்பயண வண்டிகளின் கதவிலும் எழுத்து இருக்கிறது: கடந்துவந்த நாடுகளின் கொடிகள், பண உதவி செய்தவர்களின் சின்னங்கள், சமூக ஊடகக் கணக்குப் பெயர்கள். ஒட்டியது யாருக்காக என்பதில்தான் வேறுபாடு. 2025 ஜனவரியில், மோட்டார் சைக்கிளில் உலகப் பயணமாக ஈரான் வழியே போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் தம்பதி உளவுக் குற்றச்சாட்டில் கைதானார்கள். அதற்குப் பிறகு அந்த வழியில் போக நினைப்பவர்கள் கதவில் எதை எழுதுவது என்று யோசிப்பதில்லை. போவதா என்றே யோசிக்கிறார்கள்.

கெர்மானைத் தாண்டி அவர்கள் கடந்த பாம் நகரத்தின் மண்கோட்டை 2003 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. 26,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோட்டையை மறுபடி கட்டி எழுப்பும் வேலை அப்போதிலிருந்து நடக்கிறது.

குவெட்டாவில் பூவியேவுக்கு வேறொரு இழப்பு. தப்ரீஸில் குளிர்காலம் முழுக்க எழுதிய கையெழுத்துப் பிரதியை, விடுதியில் கூட்டிப் பெருக்கியவர் குப்பை என்று நினைத்து எறிந்துவிட்டார். நண்பர்கள் இருவரும் ஊருக்கு வெளியே குப்பை கொட்டும் இடத்துக்குப் போய்த் துழாவினார்கள்; பிரதி கிடைக்கவில்லை. பிறகு நினைவிலிருந்து எழுதியதுதான் நாம் படிக்கும் புத்தகம். இன்று இப்படி ஒரு சொல்கூடத் தொலையாது. படம் எடுத்த கணமே எங்கோ ஒரு கணினியில் சேர்ந்துவிடுகிறது. மாலையில் தங்கும் இடம் சேர்வதற்குள் அன்றைய பயணத்தை ஊரில் உள்ளவர்கள் பார்த்து முடித்துவிடுகிறார்கள். பூவியேவின் வீட்டார், அஞ்சல் நிலையத்தில் கேட்டு வாங்கும்வரை காத்துக்கிடக்கும் கடிதங்களை ஊர் ஊராக அனுப்பிவிட்டுப் பதிலுக்கு வாரக்கணக்கில் பொறுத்திருந்தார்கள். பெற்றவர்கள் பட்ட கவலையை எண்ணினால் இன்றைய ஏற்பாடே மேல். புத்தகத்தை எண்ணினால் எனக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை. தொலைந்ததை மீட்க ஒன்பது ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுதியவரின் வாக்கியம், அன்றே பதிவேற்றியவரின் வாக்கியத்தைப் போல இருக்காது.

ஆப்கானிஸ்தானைப் பற்றி எழுதும்போது பூவியேவுக்கு முன்னால் போன இருவரைச் சொல்லியாக வேண்டும். 1939 ஜூனில் எல்லா மையார், அன்னமாரி ஷ்வார்ட்சன்பாக் என்ற இரு சுவிஸ் பெண்கள் ஒரு ஃபோர்டு காரில் ஜெனீவாவிலிருந்து காபூலுக்கு ஓட்டிவந்தார்கள். ஒருவர் புகழ்பெற்ற பயணி. மற்றவர் மார்ஃபின் பழக்கத்திலிருந்து மீளப் போராடிக்கொண்டிருந்த எழுத்தாளர். அவர்கள் ஆப்கானிஸ்தானில் இருக்கும்போதே ஐரோப்பாவில் போர் மூண்டது. ஷ்வார்ட்சன்பாக் ஊர் திரும்பினார், 1942இல் இறந்துபோனார். மையார் திரும்பவில்லை. தெற்கே இறங்கித் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் அருகில் இருந்தார். போர்க்காலம் முழுவதையும் தென்னிந்தியாவிலேயே கழித்தார். ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலிருந்து கிளம்பிய ஒரு கார்ப்பயணம் அருணாசல மலையடிவாரத்தில் முடிந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இரண்டு பெண்கள், ஆண் துணையின்றித் தாங்களே ஓட்டி, ஹெராத்திலிருந்து காபூல் வரை போனார்கள் என்பது 1939 நிலவரம். 2021 டிசம்பரில் தாலிபான் ஆட்சி பிறப்பித்த ஆணைப்படி, ஆப்கன் பெண் ஒருவர் நெருங்கிய ஆண் உறவினர் இல்லாமல் 72 கி.மீ.க்கு மேல் பயணம் செய்ய முடியாது. வெளிநாட்டுப் பெண் பயணிகள் இன்றும் அங்கே போய்வருகிறார்கள் என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1939இல் ஆப்கன் பெண்கள் சுதந்திரமாகக் கார் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதற்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் காபூலின் பெண்கள் வெகுதூரம் வந்திருந்தார்கள். வந்த தூரம் அத்தனையும் திருப்பி அளக்கப்பட்டது.

பூவியே காலத்தில் காபூலிலிருந்து வடக்கே குந்தூஸ் போக ஷிபர் கணவாயைச் சுற்ற வேண்டும். இந்துகுஷ் மலையைக் குடைந்து சலாங் சுரங்கத்தை 1964இல் சோவியத் பொறியாளர்கள் கட்டிக்கொடுத்தார்கள். காபூல்-காந்தஹார் சாலையை அமெரிக்கர்கள் போட்டுக்கொடுத்தார்கள். இரு வல்லரசுகளும் போட்டிபோட்டு அமைத்த அந்தச் சாலைகளால் 1960களின் பிற்பகுதியும் 1970களும் தரைவழிப் பயணத்தின் பொற்காலமாயின. லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் பேருந்தே ஓடியது. 1957இல் முதல் பேருந்துக்கு ஒருவழிக் கட்டணம் 85 பவுண்ட். 1972இல் டோனி வீலரும் மௌரீன் வீலரும் 65 பவுண்டுக்கு ஒரு பழைய ஆஸ்டின் மினிவேன் வாங்கி லண்டனிலிருந்து ஓட்டிவந்து காபூலில் விற்றுவிட்டு மேலே போனார்கள். அந்தப் பயணத்தை வைத்து அவர்கள் அடுத்த ஆண்டு வெளியிட்ட சிறுநூலில்தான் ‘லோன்லி பிளானட்’ வழிகாட்டிகள் தொடங்கின. பிறகு 1979: ஆண்டின் தொடக்கத்தில் ஈரான் புரட்சி, முடிவில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. பயணிகளுக்கு வழிவிட்ட அதே சலாங் சுரங்கத்தின் வழியாக டாங்கிகள் இறங்கின.

இதில் ஒரு வேடிக்கை. வழி அடைபட்ட பிறகுதான் அதற்கு முறையான பெயர் வந்தது. ஐ.நா. அமைப்பு ஒன்று 1959இல் தொடங்கிய ஆசிய நெடுஞ்சாலைத் திட்டம் பல பத்தாண்டு இழுபறிக்குப் பின் 2005இல் சர்வதேச ஒப்பந்தமாக நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் சாலையான ஏஎச்1, துருக்கி-பல்கேரிய எல்லையில் தொடங்கி, இஸ்தான்புல், தப்ரீஸ், தெஹ்ரான், ஹெராத், காந்தஹார், காபூல், கைபர் வாசலான தோர்கம், லாகூர், வாகா, டெல்லி, ஆக்ரா என்று போகிறது. ஆக்ராவில் பிரியும் ஏஎச்43 நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, மதுரை வழியாகத் தனுஷ்கோடி வரை வந்து, கடலுக்கு அப்பால் தலைமன்னாரில் மறுபடி தொடங்கி, கொழும்பையும் காலியையும் தொட்டு மாத்தறையில் முடிகிறது. பூவியே போன வழி ஏறக்குறைய முழுவதும் இன்று எண்ணிட்ட நெடுஞ்சாலை. அவருக்கு வரைபடமே சரியாக இல்லை; இன்று வரைபடத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து, வாகா-அட்டாரி எல்லைச் சோதனைச் சாவடியை இந்தியா மூடியது. அதே ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் மோதிக்கொண்டதில் தோர்கம் அடைபட்டது. ஆறு வழி, எட்டு வழி என்று விரிந்து வந்த சாலை, கேட் ஒன்றின் முன்னால் வந்து நிற்கிறது.

நம் பக்கத்திலிருந்து மேற்கே போக விரும்பியவர்கள் பட்ட பாடு இன்னும் விசித்திரமானது. 2017இல் கோவையிலிருந்து சில பெண்கள் லண்டனுக்குக் கார் ஓட்டிப் போனார்கள்: 24 நாடுகள், சுமார் 24,000 கி.மீ., 70 நாள்கள். மேற்கே இருக்கும் லண்டனுக்குப் போக முதலில் கிழக்கே ஓட்டி, மணிப்பூரைத் தாண்டி மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் என்று சுற்றிச் சீனாவுக்குள் நுழைந்து, மத்திய ஆசியா வழியாக மேற்கே திரும்பினார்கள். பாகிஸ்தான் ஒன்றைத் தவிர்ப்பதற்காக ஆசியாவின் பெரும்பகுதியை வலம் வந்தார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்தச் சுற்றுவழியும் நம்ப முடியாததாகிவிட்டது.

காபூலில் வெர்னே நண்பரைப் பிரிந்து இலங்கைக்குப் போய்விட்டார். காதலியை அங்கே மணப்பதாக ஏற்பாடு. பூவியே தனியாக இந்தியாவின் நீளத்துக்கும் பயணம் செய்து 1955இல் இலங்கை சேர்ந்தார். அன்றைக்குப் பாம்பனைத் தாண்டச் சாலைப் பாலம் கிடையாது. 1914இல் கட்டிய ரயில் பாலம் மட்டும்தான். ராமேசுவரம் தீவுக்குள் ஒரு கார் தன் சக்கரத்தில் ஓடி நுழைய வழியில்லை. ஆனால் தனுஷ்கோடியில் தலைமன்னாருக்குக் கப்பல் இருந்தது. சென்னை எழும்பூரில் ரயில் ஏறுகிறவர் ஒரே பயணமாகக் கொழும்பில் இறங்கலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோயிற்று. கப்பல் ராமேசுவரத்துக்கு மாறி, 1980களில் இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றது. பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறக்கப்பட்டபோது, அதன் வழியே போய் ஏற ஒரு கப்பல் இல்லை. 2017இல் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை நல்ல தார்ச்சாலை வந்தது. அது ஒரு வட்டத்தில் சுற்றித் திரும்புகிறது. கார்கள் அங்கே நின்று, குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டு, வந்த வழியே போகின்றன. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல் தொடங்கியது. இடையிடையே நின்று மறுபடி ஓடுகிறது. அதில் ஆட்கள் போகலாம், கார் போகாது.

இலங்கையின் காலி நகரில் பூவியே நோயிலும் தனிமையிலும் பல மாதங்கள் கிடந்தார். வெக்கையும் பூச்சிகளும் சூழ்ந்த அந்த அறையைப் பற்றி அவர் எழுதிமுடிக்கக் கால் நூற்றாண்டு பிடித்தது. அவர் வாடகைக்கு இருந்த கோட்டைப் பகுதி 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பழைய வீடுகள் விலையுயர்ந்த விடுதிகளாகிவிட்டன, அவர் இருந்ததுபோல மலிவாக ஓர் அறை இனி அங்கே கிடைக்காது. கொழும்பிலிருந்து 2011இல் திறந்த விரைவுச் சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் காலி வந்துவிடுகிறது.

ஐரோப்பாவிலிருந்து கார் ஓட்டிக்கொண்டே இலங்கைக்கு வர இப்போது யாராவது ஆசைப்பட்டால், வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் காரைக் கன்டெய்னருக்குள் ஏற்றிக் கப்பலில் அனுப்பிவிட்டு விமானத்தில் வந்து காத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் அவ்வளவு பாடு படுவதில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, உள்ளூர் ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று நண்பர்களாகச் சேர்ந்து ஒரு முச்சக்கர வண்டியை வாடகைக்கு எடுக்கிறார்கள். 200 சிசி எஞ்சின். எல்ல என்ற ஊருக்குப் போகும் மலைச்சாலையில் ஏறும்போது அது திணறுகிறது; பின்னிருக்கையில் இருப்பவர்கள் இறங்கித் தள்ளுகிறார்கள். கிளட்ச் கம்பி அறுந்து வழியோரத்தில் நின்றால், எதிரே வரும் ஆட்டோக்காரர் தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கருவிப் பையோடு இறங்கி வருகிறார்.